வீட்டில் குடிநீர், சூரணம், தைலம் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

சித்த மருத்துவ முறைகளை எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். வகைக்குப் பலம் ஒன்று, ஒன்றிரண்டாக இடித்து, எட்டொன்றாகக் காய்ச்சி, வெருகடி கொள்ளவும். அவ்வளவுதான். பலம் என்றால் எத்தனை கிராம், எட்டொன்று ஆனதை எப்படிக் கண்டுபிடிப்பது, மீந்ததை நாளைக்கு வைக்கலாமா என்று ஒன்றும் இருக்காது. வீடியோக்களைப் பார்த்தால் ‘ஒரு கைப்பிடி’ என்கிறார்கள். யாருடைய கைப்பிடி?

இந்த இடைவெளிகளில் திண்டாடிய பிறகு ஒன்று புரிந்தது. மருந்து முறை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். சரியான சரக்கா (மருந்தில் சேரும் மூலப்பொருளைத்தான் சரக்கு என்பார்கள்), முழுசாகக் காய்ந்ததா, எத்தனை நாள் தாங்கும் என்ற மூன்று கேள்விகளில்தான் காரியம் நிற்கிறது. ஆகவே புது மருந்து எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. குடிநீர் (கஷாயம்), சூரணம் (பொடி), தைலம் (மருந்தெண்ணெய்) மூன்றையும் கெடுக்காமல் செய்வது எப்படி என்பது மட்டும்தான்.

1. எதற்குச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தொண்டைக் கரகரப்பு, லேசான சளி, செரிமானக் கோளாறு, எப்போதாவது வரும் மலச்சிக்கல், தலைக்கும் மூட்டுக்கும் தடவும் எண்ணெய். வீட்டு அடுப்பில் செய்யும் மருந்துக்கு இவ்வளவுதான் எல்லை. மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மலத்தில் ரத்தம் என்றால் அடுப்பைப் பற்றவைக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மஞ்சள் காமாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கச் சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். வைரஸ் தொற்றிலும் கண் மஞ்சளாகும், பித்தப்பைக் கல் அடைத்தாலும் ஆகும், சில மாத்திரைகள் ஈரலைக் கெடுத்தாலும் ஆகும். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எந்தக் கீரையையும் நம்பி உட்காராதீர்கள்.

பற்பம், செந்தூரம் என்று உலோகம், பாஷாணம் சேர்ந்த எதையும் வீட்டில் தொடவே வேண்டாம். சேராங்கொட்டை, நேர்வாளம், எட்டிக்கொட்டை, நாபி, ஊமத்தை, கண்வலிக்கிழங்கு சேர்ந்த முறைகளும் அப்படியே. ‘சுத்தி (நச்சு நீக்கம்) செய்தால் சரியாகிவிடும்’ என்று எழுதியிருப்பார்கள். சுத்தி சரியாக ஆயிற்றா என்று சோதிக்க வீட்டில் வழியில்லை.

2. மருத்துவரிடம் ஒரு தாளைக் காட்டுங்கள்

சரக்கு வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதுங்கள். வீட்டில் யார் யார் சாப்பிடப்போகிறார்கள், வயது என்ன. அவர்கள் தினமும் போடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். நீங்கள் செய்ய நினைக்கும் மருந்தில் சேரும் சரக்குகள். பழைய மருந்துச் சீட்டையும் கடைசியாக எடுத்த பரிசோதனை முடிவையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு சித்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பேச நேரம் கிடைக்கும். அப்புறம், வழக்கமாகப் பார்க்கும் ஆங்கில மருத்துவரிடமும் இதே தாளைக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அவர் எழுதிய மாத்திரையைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மூலிகைகள் சும்மா இருப்பதில்லை. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். நிலவேம்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது. அதற்கென்றே மாத்திரை போடுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து மயக்கத்தில் விடலாம். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் பூண்டு, சுக்கு, மஞ்சளை மருந்தளவில் சாப்பிடும் முன் கேட்டே ஆக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் நீங்கள் சாப்பிடும் மூலிகைகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சமரசமே கிடையாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கிவிடும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது பழைய வழக்கம்தான், ஆனாலும் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்துவிட்டது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் தவிர்த்துவிடுங்கள்.

3. சாமான்களும் செலவும்

பித்தளை உரல், கல்வம் எல்லாம் வாங்கினால்தான் மருந்தாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் தராசு (ஒரு கிராம் வரை காட்டினால் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), மில்லி கோடு போட்ட அளவுக் குவளை, கெட்டி அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம், மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, நல்ல சல்லடை, மூடி இறுகும் கண்ணாடிப் புட்டிகள். மிக்ஸி ஏற்கெனவே இருக்கும். மருந்துக்கென்று ஒரு சின்ன ஜாரைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மிளகாய் அரைத்த ஜாரில் சூரணம் அரைத்தால் மிளகாய்ச் சூரணம்தான் கிடைக்கும்.

அலுமினியம், வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு மூன்றும் வேண்டாம். நெல்லி, எலுமிச்சை போன்ற புளிப்புள்ள சரக்கு இவற்றை அரித்துக்கொண்டு மருந்தில் இறங்கும். இரும்புச் சட்டியில் கடுக்காயோ நெல்லியோ போட்டால் மை மாதிரி கறுத்துவிடும். மண்பானை நல்லது, ஆனால் முன்பு காய்ச்சிய மருந்தின் வாசனையும் கறையும் உள்ளே ஊறிக்கிடக்கும். எனக்கு எவர்சில்வர்தான் நிம்மதி.

உண்மையான செலவு சாமானில் இல்லை, கழிவில். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ காய்ந்தால் கால் கிலோ தேறுவதே கஷ்டம். கடுக்காயில் கொட்டை போகும், சுக்கில் தோல் போகும், சலித்தால் நார் போகும். சரக்கு விலையைக் கணக்குப் போடும்போது இந்தக் கழிவையும் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பை வாங்குவதே மலிவாக முடியும். நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு, கபசுரக் குடிநீரில் 15. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி வீட்டில் இடிப்பது புதியவருக்கு வீண் வேலை. பொடியாக வாங்கிக் காய்ச்சத் தெரிந்துகொண்டால் போதும்.

4. அளவுகளைக் கிராமுக்கு மாற்றுங்கள்

பழைய அளவுகளைக் கிராமில் எழுதும்போது நூலுக்கு நூல் சற்று மாறும். பொதுவாகப் புழங்கும் கணக்கு இது: குன்றிமணி எடை 130 மில்லிகிராம், வராகன் எடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம். திரவத்தில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1.3 லிட்டர் சொச்சம்.

வெருகடி என்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து எடுக்கும் அளவு. ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் விரலால் பத்து முறை எடுத்துத் தராசில் போட்டு, வந்த எடையைப் பத்தால் வகுத்து எழுதி வையுங்கள். பிறகு கரண்டி, ஸ்பூன் குழப்பமே இருக்காது. ‘வகைக்கு’ என்றால் ஒவ்வொரு சரக்கிலும் அவ்வளவு என்று பொருள். மொத்தத்துக்கு அவ்வளவு என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

5. சரக்கு வாங்குவது

ஏமாற வாய்ப்பு அதிகமுள்ள கட்டம் இது, கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பொடியாக வாங்காதீர்கள். முழுச் சரக்காக வாங்குங்கள். பொடியில் எது கலந்திருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. (குடிநீர்ப் பொடிகளை உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூடிய பொட்டலமாக வாங்குவது வேறு, உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும்.) பெயரை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். ஒரே பெயருக்கு ஊருக்கொரு செடி உண்டு. சீட்டிலேயே எந்தப் பாகம் என்றும் எழுதுங்கள்: இலையா, வேரா, பட்டையா, விதையா. கேட்டால் பில் தருவார்கள், வாங்கி வையுங்கள். பின்னால் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எங்கே, எப்போது வாங்கியது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் மோப்பம். பூஞ்சை வாடையோ சாக்கு வாடையோ வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த சரக்கைக் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பூஞ்சை விட்டுப்போன நஞ்சு கழுவினாலும் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. அடுத்து உடைத்துப் பாருங்கள். வேர் வளையக் கூடாது, ‘டக்’கென்று ஒடிய வேண்டும். உள்ளே ஓட்டையும் மாவும் இருந்தால் புழு குடியிருக்கிறது.

மிளகில் பப்பாளி விதை கலப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும், நல்ல மிளகு அடியில் தங்கும். சுக்கின் மேல் வெள்ளை வெளேரென்று மாவு படிந்திருந்தால் சுண்ணாம்பில் புரட்டியது. பழுப்பாக, சுமாரான தோற்றத்தில் இருக்கும் சுக்கே மேல். மஞ்சளிலும் அதே கதைதான். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு வேண்டாம், நிறம் ஏற்ற ஈய உப்பைப் பூசுவதும் உண்டு.

பச்சைச் செடிகள் இன்னும் தந்திரமானவை. கீழாநெல்லி என்று கட்டி விற்பதில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்து வரும். இலைக்குக் கீழே காய் தொங்கினால் கீழாநெல்லி என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த அடையாளம் அந்த இனத்துச் செடிகள் பலவற்றுக்கும் பொருந்துகிறது, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரிகளில் தருவது, பல நேரம், பூங்காக்களில் தரையில் படர விடும் அழகுச் செடி. வீட்டுத் தொட்டியில் வளர்க்க நினைத்தால் நாற்றை வாங்கிய பிறகு பூவும் காயுமாக ஒரு தடவை சித்த மருத்துவரிடமோ தாவரவியல் ஆசிரியரிடமோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இலையை மட்டும் போட்டோ எடுத்துக் கைப்பேசிச் செயலியில் பார்ப்பது போதாது.

சாலை ஓரம், சாக்கடை ஓரம், ரயில் பாதை ஓரம் வளர்வதைப் பறிக்காதீர்கள். வல்லாரை, பொன்னாங்கண்ணி எல்லாம் ஈரத்தில் வளர்பவை, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வயல் வரப்பில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், விசாரியுங்கள். காப்புக்காட்டுக்குள் புகுந்து வேர் பிடுங்குவது வனச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. சுரைக்காய் மாதிரி பூசணிக் குடும்பத்துக் காய்களைச் சாறாகப் பிழிந்து குடிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு விஷம். இந்தியாவில் அதைக் குடித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். கசப்பு என்றாலே மருந்து என்ற எண்ணம் இந்த ஒரு இடத்தில் ஆளையே கொல்லும்.

6. சுத்தம் செய்வது

கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும், சுக்கின் தோலைச் சீவ வேண்டும். தான்றிக்காயிலும் கொட்டையை எடுத்துவிடுங்கள். நெல்லி காய்ந்து கொட்டை இல்லாமல் நெல்லிமுள்ளியாகவே கிடைக்கும்.

நிறுப்பது எப்போதும் சுத்தம் செய்த பிறகுதான். கடையில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி மூன்றையும் சம எடை வாங்கிவந்து அப்படியே உடைத்துக் கலந்தால் திரிபலா சமபங்காக இருக்காது. கொட்டை போகும் கடுக்காயையும் தான்றிக்காயையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அமுக்கரா போன்ற சில கிழங்குகளுக்குப் பாலில் பிட்டவியல் செய்யும் முறை உண்டு. பொடியைப் பாலில் பிசறி, பாலும் நீரும் கலந்த பானையின் வாயில் துணி கட்டி, அதன் மேல் வைத்து அவித்து, காயவைத்து, மறுபடி இடிப்பார்கள். பால் சேர்ந்த பொடி சரியாகக் காயாவிட்டால் இரண்டே நாளில் புளிப்பு வாடை அடிக்கும். முதல் வருடம் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

7. காயவைப்பது

இலைக்கு நிழல், வேருக்கு வெயில். இலையைக் கழுவி, துணியில் ஒற்றி, காற்றோட்டமான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். காலையும் மாலையும் புரட்டிவிட வேண்டும். நல்ல காற்று இருந்தால் மெல்லிய இலைகள் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். கையில் நொறுக்கினால் தூளாக வேண்டும், காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். இலை தூளாகி காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சந்தேகமிருந்தால் ஒரு சின்னச் சோதனை. காய்ந்ததாக நினைப்பதைக் கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வெயிலில் வையுங்கள். புட்டியின் உள்பக்கம் நீர் பூத்தால் மறுபடி காயப் போட வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் எதுவும் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். தை பிறந்த பிறகு ஆரம்பித்து மழைக்கு முன்னால் ஒரு வருடத் தேவையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

8. குடிநீர் காய்ச்சுவது

குடிநீருக்குச் சரக்கு ஒன்றிரண்டாக, பருபருவென்று இடிபட்டிருக்க வேண்டும். நைசாக அரைத்தால் வடிகட்ட வராது, அடியில் சேறாகத் தங்கி வயிற்றைப் புரட்டும்.

நிலவேம்புக் குடிநீரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குப் பொடி 5 முதல் 10 கிராம், தண்ணீர் 240 மில்லி, காய்ச்சிக் குறைத்தால் 60 மில்லி. இது நாலொன்று. எட்டொன்று என்றால் 240 மில்லி 30 மில்லியாக வேண்டும். குறைந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? பாத்திரத்தில் முதலில் 60 மில்லி தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு சுத்தமான குச்சியை நிமிர்த்தி வைத்து, நனைந்த இடத்தில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மீதி 180 மில்லியை ஊற்றிக் காய்ச்சுங்கள். குச்சியைத் தோய்த்துப் பார்த்தால் எப்போது இறக்குவது என்று தெரிந்துவிடும். பொடி ஊறி உப்புவதால் மட்டம் கொஞ்சம் மேலே காட்டும், அதற்கேற்ப விட்டுக்கொடுங்கள்.

தீ சிறிதாகவே இருக்கட்டும். அவசரப்பட்டுப் பெருந்தீயில் வைத்தால் தண்ணீர்தான் வற்றும், சரக்கின் சத்து இறங்காது. கெட்டியான வேர், பட்டைகளாக இருந்தால் முந்தின இரவே அதே தண்ணீரில் ஊறப்போடுங்கள். மூடாமல் காய்ச்ச வேண்டும். ஆனால் துளசி, கற்பூரவல்லி, ஓமம் போன்ற வாசனைச் சரக்குகளைக் காய்ச்சவே கூடாது. வாசனையோடு அதன் எண்ணெயும் ஆவியாகிப் போய்விடும். கொதித்த நீரை இறக்கி, இவற்றைப் போட்டு மூடி, பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள்.

குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சாறுக்கும் கற்கத்துக்கும் (அரைத்த விழுது) இதே கணக்குதான். பிளாஸ்கில் ஊற்றி அலுவலகம் கொண்டு போவது, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடு பண்ணுவது எதுவும் வேண்டாம். காலைக்கு ஒரு தடவை, மாலைக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். தினமும் நாற்பது நிமிடம் அடுப்புக்கு ஒதுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதிப் பேர் மூன்றாம் நாள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

9. சூரணம்

முதல் சூரணமாகத் திரிகடுகு செய்யுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சம எடை. மூன்றிலும் திப்பிலிதான் விலை கூடியது, ஆகவே வகைக்கு 50 கிராமுக்கு மேல் போக வேண்டாம்.

மூன்றையும் தனித்தனியாக வெறும் சட்டியில் இளவறுப்பாக வறுங்கள். நிறம் மாறக் கூடாது, ஈரம் போனால் போதும். ஆறியதும் தனித்தனியாக அரைத்து, தனித்தனியாகச் சலித்து, சலித்த மாவை நிறுத்து, பிறகு கலக்க வேண்டும். ஒன்றாகப் போட்டு அரைத்தால் என்ன என்று தோன்றும். சுக்கு நார் நிறைந்தது, அதன் பாதி சல்லடையில் தங்கிவிடும். மிளகு முழுசாக இறங்கிவிடும். கடைசியில் கையில் இருப்பது மிளகுப் பொடிதான், திரிகடுகு அல்ல.

மிக்ஸியை நீளமாக ஓட்டாதீர்கள், விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜார் சூடேறினால் வாசனை போய்விடும். கடுக்காயை அப்படியே போட்டால் பிளேடு உடையும், முதலில் கல்லில் தட்டிச் சில்லுகளாக்க வேண்டும். சலித்த பிறகு வெள்ளைத் துணியில் ஒரு தடவை வஸ்திரகாயம் செய்தால் தொண்டையில் அறுக்காத மென்மை கிடைக்கும். ஒரு பாத்திரத்தின் வாயில் துணியைத் தளர்வாகக் கட்டி, பொடியைப் போட்டு, கையால் தேய்த்து இறக்குவதுதான் அது. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தும்மித் தீர்த்துவிடும்.

மாவு மில்லில் கொடுத்து அரைப்பது வேண்டாம். முந்தின ஆளின் மல்லியோ கோதுமையோ கலந்துதான் வரும், குறைந்த அளவை அரைக்கவும் மாட்டார்கள்.

சூரணத்துக்கு மரபில் சொல்லும் ஆயுள் 3 மாதம். கடைச் சூரணத்தில் அதைவிட அதிகம் போட்டிருப்பார்கள். அவர்களுடைய உலர்த்தும் வசதியும் அடைக்கும் வசதியும் நம் வீட்டில் இல்லை, மூன்று மாதத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

10. தைலம்

முதலில் வெளியே பூசும் தைலம் மட்டும் செய்யுங்கள். தலைக்குக் கரிசாலைத் தைலம் நல்ல தொடக்கம். கரிசலாங்கண்ணிச் சாறும் நல்லெண்ணெயும் சம அளவு, அரை லிட்டருக்கு அரை லிட்டர்.

பாத்திரம் மொத்த அளவைப் போல மூன்று மடங்கு கொள்ள வேண்டும். சாறு கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கும், எண்ணெய் அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். எண்ணெய் சூடான பிறகு சாற்றை ஊற்றாதீர்கள், வெடித்துத் தெறிக்கும். இரண்டையும் ஆறிய நிலையிலேயே கலந்து அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் முழுக்கப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அடுப்பை விட்டு நகரக் கூடாது, பிள்ளைகள் சமையலறைக்குள் வரக் கூடாது.

பதம் பார்ப்பதுதான் கலை. அடியில் திரண்ட கசண்டைக் கரண்டியால் எடுத்து ஆறவைத்து விரலில் உருட்டுங்கள். சேறாக ஒட்டினால் நீர் இருக்கிறது. மெழுகாகத் திரியாக உருண்டால் மெழுகு பதம். மணலாக உதிர்ந்தால் மணல் பதம், இன்னும் போனால் கருகல். தலைக்கான தைலத்தை மெழுகு பதம் தாண்டியதும், மணல் பதம் வருவதற்குள் நான் இறக்கிவிடுகிறேன். நீர் போய்விட்டதா என்று உறுதி செய்ய, ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பிலிருந்து தள்ளிப்போய்ப் பற்றவையுங்கள். சடசடவென்று பொரிந்தால் நீர் மிச்சம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் சரி.

இளஞ்சூட்டில் துணியில் வடித்து, நன்றாக உலர்ந்த புட்டியில் ஊற்றுங்கள். ஒரு சொட்டு ஈரம் போதும், சிக்கு வாடை வந்துவிடும். தைலத்துக்கு மரபுக் கணக்கு ஒரு வருடம். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் தலைக்கு வையுங்கள்.

11. எழுதி ஒட்டுங்கள், குறித்து வையுங்கள்

ஒவ்வொரு புட்டியிலும் மருந்தின் பெயர், சேர்ந்த சரக்குகள், செய்த தேதி, தீர்க்க வேண்டிய தேதி, உள்ளுக்கா வெளிக்கா என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கடைசி வரி மிக முக்கியம். வீட்டில் வயதானவர்கள் தைலத்தை இருமல் மருந்து என்று குடித்துவிடக் கூடாது.

ஒரு நோட்டில் எந்தக் கடையில் வாங்கியது, சுத்தம் செய்யும் முன் எடை, பின் எடை, காய எடுத்த நாட்கள், யார் எப்போது சாப்பிட்டார்கள், என்ன மாற்றம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பில்லை அங்கேயே ஒட்டிவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு புது மருந்துகளை ஆரம்பிக்காதீர்கள். வாந்தி, தடிப்பு, படபடப்பு ஏதாவது வந்தால் எதனால் என்று தெரியாமல் போகும். வந்தால் உடனே நிறுத்தி, புட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

12. விற்கலாமா?

இரண்டு பேர் ‘நல்லா இருக்கே’ என்றதும் இந்த ஆசை வரும். கூடாது. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி சித்த மருந்தை விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். விண்ணப்பம் படிவம் 24-டி, உரிமம் படிவம் 25-டி. தகுதி பெற்ற தொழில்நுட்ப ஆள் முழுநேரமாக இருக்க வேண்டும், அட்டவணை ‘T’ (Schedule T) சொல்லும் தயாரிப்பு விதிகளின்படி குறைந்தது 1200 சதுர அடி கட்டடம் வேண்டும். சமையலறையில் இதற்கு வாய்ப்பே இல்லை. பதிவு பெற்ற வைத்தியர் தன் நோயாளிக்காகச் செய்து கொடுப்பதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அது நமக்குப் பொருந்தாது. மூலிகை டீ, தேனூறல் என்று உணவுப் பொருளாக விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. அதிலும் நோய் தீரும் என்று எழுத முடியாது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவை தீரும் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டால் 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சும்மா கொடுப்பது? சொந்தக்காரர்கள் கேட்டால் மறுப்பது கஷ்டம்தான். கொடுப்பதாக இருந்தால் பூசும் தைலம் மட்டும் கொடுங்கள், லேபிளோடு. சூரணம் கேட்டால் அவர் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டுவிட்டு, அந்தச் சீட்டோடு சித்த மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள்.